கொம்பும் கோலும்

யான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், மாணவன் ஒருவன் வகுப்பில் வெண்பா ஒன்றை ஒப்பித்தான். ஈற்றடியில் அவன் நா தடுமாறிற்று. அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்து, நிற்கவைத்தேன். அதன்பின் அவன் என் வகுப்பில் வாய் திறந்து செய்யுள் சொன்னதேயில்லை. ஓய்வு பெற்றபின், இசைவாணர் ஒருவரின் வரலாற்றைப் படித்தபோது அம்மாணவனின் முகம் என் கண்முன் தோன்றியது.

அவ்விசைவாணரின் பெயர் பாரி டக்வெல். பறம்புமலை வள்ளலை நினைப்பூட்டும் பெயராதலின், அஃது என் நெஞ்சில் எளிதிற் பதிந்தது. 1931 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிற் பிறந்த அவர், 13 ஆம் அகவையில் பிரெஞ்சுக் கொம்பு என்னும் பித்தளைக் கருவியைப் பயிலத் தொடங்கினார். 15 ஆம் அகவையிலேயே மெல்போர்ன் சிம்பொனி இசைக்குழுவில் இடம்பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று பல குழுக்களில் ஊதினார். 1955 ஆம் ஆண்டில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் முதற் கொம்பிசைஞரானார். 13 ஆண்டுகள் அவ்விடத்தை அணிசெய்தார்.

மாணவர்களே! அக்கருவியின் அருமையை நீங்கள் அறிதல் வேண்டும். நிமிர்த்தினால் ஏறத்தாழ 12 அடி நீளும் குழலை வட்டமாகச் சுருட்டி அதனை அமைத்துள்ளனர். உதடுகளை அதிரச் செய்து ஊதுவர். வலக்கையை அதன் மலர்ந்த வாயினுள் வைத்து ஒலியைப் பண்படுத்துவர். உதட்டின் இறுக்கம் மாற, சுரமும் மாறும். மேலே செல்லச் செல்ல அச்சுரங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். ஆதலின் உதடு மயிரிழை பிறழினும் அயற்சுரம் ஒலித்துவிடும். கைதேர்ந்தவர்க்கும் இவ்விடர் உண்டு. நிறைந்த அவையில் அப்பிழையை மறைத்தலும் அரிது.

1968 ஆம் ஆண்டில் டக்வெல் அக்குழுவினின்று நீங்கித் தனியிசைஞராகப் புகழ்பெற்றார். லண்டன் ராயல் இசைக் கழகத்தில் ஆசிரியராகவும் விளங்கினார். பின்னர்க் கோலேந்தி இசைக்குழுக்களை நடத்தலானார். 1982 ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரிலாந்து சிம்பொனி இசைக்குழு தோன்றியபோது, அதன் முதல் நடத்துநராகி, 1998 வரை அதனை வளர்த்தார். கோலேந்திய பின்னரும் நெடுங்காலம் கொம்பை விட்டாரல்லர். 2020 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

நடத்துநரின் கோல் தானாக ஒலி எழுப்புவதில்லை. பிறர் மூச்சே அதன் இசை. தானும் வரிசையில் அமர்ந்து, அடுத்த சுரம் பிறழுமோ என அஞ்சி மூச்சிழுத்தவனுக்குப் பிறர் அச்சம் விளங்காதிராது என்று எண்ணினேன்.

அவ்வெண்ணம் என்னையே சுட்டது. யானும் இளமையில் என் ஆசிரியர் முன் செய்யுள் மறந்து நடுங்கியவனே. அவர் சினந்தாரல்லர், "மூச்சு வாங்கிக்கொள், பிறகு சொல்" என்று காத்திருந்தார். யான் பிழையின்றிச் சொல்லி முடித்தேன். அவர் எனக்கு அளித்த அச்சிறு பொழுதை, யான் என் மாணவனுக்கு அளித்தேனில்லை. கற்ற செய்யுள்களையெல்லாம் நினைவிற் கொண்டிருந்தேன்; கற்ற நாளின் நடுக்கத்தை மட்டும் மறந்துவிட்டேன்.

நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள். சிலர் பலரை நடத்தும் பொறுப்பேற்பீர்கள். அன்று உங்கள் முன் ஒருவர் தடுமாறினால், அவர் மூச்சு வாங்கும் அளவேனும் காத்திருங்கள்.