இடியப்பத் தட்டும் பொரித்த கோழியும்

உணவின் சுவை நாவுக்குரியது என்பது பொதுவான எண்ணம். பொரித்த கோழியின் மொறுமொறுப்போ முதலிற் செவிக்கே உரியது. கடித்தவுடன் எழவேண்டிய ஒலி எழவில்லையாயின், உப்பும் உறைப்பும் எவ்வளவு பொருந்தியிருப்பினும் உண்பவர் முகம் மலர்வதில்லை. கொக்குவிலில் ஒரு வீட்டுக் குசினியில் அவ்வொலியைக் கேட்பதற்கு ஒரு தாய்க்கு மூன்று முயற்சிகள் வேண்டியிருந்தன.

அது 2022ஆம் ஆண்டு. வெற்று எரிவாயு உருளைகளை வீதியோரத்தில் வரிசையாக வைத்துவிட்டு மக்கள் நாட்கணக்கிற் காத்திருந்த காலம். அவ்வீட்டு எரிவாயு அடுப்பு துணியால் மூடப்பட்டுக் கிடந்தது. கோடிப்புறத்தில் மூன்று கற்களை வைத்துப் பொச்சுமட்டையும் தென்னம்பாளையும் எரித்தே உலையேற்றினார்கள். அக்காலத்திலேதான் இளைய மகனுக்கு அந்த ஆசை வந்தது. முன்னொருமுறை கொழும்பிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த பெட்டியையும், அதன்மேல் அச்சிடப்பட்டிருந்த வெண்தாடி முதியவரையும், உள்ளேயிருந்த கோழித்துண்டையும் அவன் மறக்கவில்லை.

"அம்மா, என்ரை பிறந்தநாளுக்கு அதைப்போல வீட்டிலை செய்யேலாதோ?"

இறைச்சியின் விலையைக் கேட்டு வெறுங்கையுடன் திரும்பிய தாய், முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த பேட்டுக்கோழியைப் பார்த்தார். அது முட்டையிடும் கோழி. அதன் முட்டைகளை விற்ற காசு பிள்ளைகளின் கொப்பிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கோழி அறுபட்டது.

துண்டுகளை மாவிற் புரட்டி, புகையெழும் எண்ணெயில் இட்டார். வெளிப்புறம் கருகிற்று, எலும்பருகே செந்நீர் கசிந்தது, சதையோ கயிறாயிருந்தது. இதிற் கைப்பிழை பாதிதான். ஓடித்திரிந்து முதிர்ந்த கோழியின் தசையைக் கட்டிவைத்திருக்கும் இழையங்கள் இளகுவதற்கு நெடுநேரம் ஈரவெப்பம் வேண்டும். தாச்சியிற் கால்மணி நேரத்தில் அது நிகழாது. "முத்தின கோழி குழம்புக்கடி பிள்ளை" என்று அம்மம்மா முன்னமே சொல்லியிருந்தார். அன்றிரவு அது குழம்பாயிற்று. நல்ல குழம்பு என்றே சொல்லவேண்டும். மகன் குறையொன்றும் சொல்லாமற் சாப்பிட்டு எழுந்தான். அவன் குறை சொல்லாததே தாயைச் சுட்டது.

இரண்டாம் முயற்சி சில மாதங்களின் பின். எரிவாயு மீண்டும் கிடைக்கத் தொடங்கியிருந்தபோதிலும், விலைக்கு அஞ்சி விறகடுப்பையே மூட்டினார். இம்முறை கடையில் வாங்கிய புறொயிலர் இறைச்சி, அதுவும் அரைக் கோழி. உப்பும் மிளகாய்த்தூளும் தயிரும் சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்தார். உப்பு தசையினுட் சென்று நீரைப் பிடித்துவைக்க உதவும். தயிரின் புளிப்பு சதையைச் சற்று மிருதுவாக்கும். பொன்னிறமாய் வந்த துண்டுகளைச் சட்டியிலிட்டு, சூடு ஆறாதிருக்கட்டும் என்று மூடியும் வைத்தார். மகன் பள்ளியால் வந்து திறந்தபோது மேற்படை ஈரத்துணி போலத் தொங்கிற்று.

பொரித்தல் எண்ணெயாற் சமைக்கும் தொழிலாகத் தோன்றினும், உண்மையில் அது நீரை வெளியேற்றும் தொழில். எண்ணெய் ஏறத்தாழ 170 பாகை செல்சியசில் இருக்கையில், துண்டின் மேற்படையிலுள்ள நீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறும். தாச்சியிற் கேட்கும் இரைச்சல் அந்த ஆவியின் இரைச்சலே. வெளியேறும் ஆவி எண்ணெயை உட்புகவிடாது தடுக்கும். நீர் அகன்ற மேற்படை நுண்துளைகளுடன் இறுகி மொறுமொறுப்பாகும். எண்ணெய் குளிர்ந்திருந்தால் இத்தனையும் மந்தமாகி மா ஊறிவிடும். அளவுக்கு மேற் காய்ந்தாலோ உட்புறம் வேகுமுன் வெளிப்புறம் கருகிவிடும். கோழியின் உட்புறம் 74 பாகையை எட்டினாலே உண்பதற்குப் பாதுகாப்பானது. நாட்டுத் தேங்காயெண்ணெய் 175 பாகையளவிலேயே புகையத் தொடங்குவதால், நம்மவர் குசினியிற் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வெப்பமானியும் இல்லை. ஒரு சிட்டிகை மா, இரண்டு காது, இவைதான் கருவிகள்.

இக்கருவிகளைக் கொண்டே இத்தொழிலை வளர்த்தவர்கள் வேறொரு கண்டத்துப் பெண்கள். மேரி றண்டொல்ஃப் என்ற வேர்ஜீனியப் பெண்மணி 1824இல் வெளியிட்ட சமையல் நூலிற் கோழியை மாவிற் புரட்டிப் பன்றிக் கொழுப்பிற் பொரிக்கும் முறை அச்சேறியது. ஆயின் அக்காலத் தென்மாநிலச் செல்வர் வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கப் பெண்களே. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், வேர்ஜீனியாவின் கோர்டன்ஸ்வில் புகையிரத நிலையத்திற் கறுப்பினப் பெண்கள் பொரித்த கோழியைத் தட்டுகளில் அடுக்கித் தலையிற் சுமந்துவந்து, பெட்டிகளின் யன்னல்வழியே பயணிகளுக்கு விற்றார்கள். அந்தக் காசில் வீடு கட்டியவர்களும் உளர். வெண்தாடி முதியவரான சாண்டர்சின் முறையில் முதலாவது உரிமைக்கடை சோல்ற் லேக் நகரில் 1952இலேதான் திறக்கப்பட்டது. பெட்டியில் எந்த முகம் அச்சாகியிருக்கவேண்டும் என்று கேட்பது அப்படியொன்றும் வீண்கேள்வியன்று.

கொக்குவில் தாய் இவற்றையெல்லாம் அறிந்தவரல்லர். மூன்றாம் முறை அவர் கோதுமை மா இரண்டு பங்குக்கு அரிசிமா ஒரு பங்கு கலந்தார். அரிசிமாவிற் பசைத்தன்மை எழாது. ஆதலால் மேற்படை கடினமாகாமல் நொறுங்கும். புரட்டிய துண்டுகளை உடனே எண்ணெயில் இடாமல், மா ஈரம்பிடித்து ஒட்டுமட்டும் வைத்திருந்தார். ஒரு தடவைக்கு மூன்று துண்டுக்கு மேல் இடவில்லை. கூடப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும் என்பதைச் சென்றமுறை கண்டிருந்தார். இரைச்சல் தணிந்ததும் எடுத்து, சற்று ஆறவிட்டு, பாளையைத் தள்ளித் தீயைக் கூட்டி மறுபடியும் இரண்டு நிமிடம் பொரித்தார்.

எடுத்த துண்டுகளை வைக்கக் கடுதாசி தேடியபோது, அம்மம்மா சுவரோரம் கவிழ்த்திருந்த இடியப்பத் தட்டுகளை நீட்டினார். "இதிலை வை. கீழாலை ஆவி போகட்டும். இடியப்பம் அவியேக்கை ஆவி மேலை வாறதெண்டால், இதுக்குக் கீழை போகாதோ?"

கடுதாசியின் மேல் வைத்திருந்தால் அடிப்புறம் தன் ஆவியிலேயே வியர்த்து ஊறியிருக்கும். பிரம்புத் தட்டின் கண்களுக்கூடாக ஆவி இறங்கிப் போயிற்று. மகன் முதற்துண்டைக் கடித்த ஒலி கோடிப்புறத்தில் அடுப்பருகே நின்ற தாய்க்குக் கேட்டது. அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மூன்று துண்டுகளையும் எண்ணெயில் இறக்கினார்.

அம்மம்மாவுக்குப் பல் இல்லை. தமது பங்கு கோப்பையில் வந்ததும், மத்தியானக் குழம்பில் மிச்சமிருந்ததை அதன்மேல் ஊற்றி, நன்றாக ஊறுமட்டும் காத்திருந்து சாப்பிட்டார்.