இருபத்தெட்டு வயதில் உயிரியல் பாடம்

எங்கள் காலத்தில் டாக்டராவதா, இன்ஜினியராவதா என்பது பதினாறு வயதிலேயே தீர்ந்துவிடும். பள்ளி இறுதி வகுப்பு முடித்து பி.யு.சி. விண்ணப்பம் நிரப்பும்போது கணக்கா, நேச்சுரல் சயன்ஸா என்று ஒரு இடத்தில் எழுத வேண்டும். எழுதியாயிற்று என்றால் அவ்வளவுதான். 1978-ல் பிளஸ் டூ வந்த பிறகும் பெயர்தான் மாறியது. கதவு அதே கதவு. உயிரியல் எடுக்காதவனுக்கு மருத்துவக் கல்லூரி வாசல் பார்க்க மட்டும்தான்.

அந்தக் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது என்பதை என் தங்கை மகள் மூலம்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு 28 வயது. மயிலாப்பூரில் பெற்றோருடன் இருக்கிறாள். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயன்ஸ். பிறகு இன்ஜினியரிங், பழைய மகாபலிபுரம் சாலையில் சாஃப்ட்வேர் வேலை, நல்ல சம்பளம். ஆறு வருடம் கழித்து, "மாமா, நான் எம்.பி.பி.எஸ். படிக்கப் போறேன்" என்றாள். மாப்பிள்ளை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தங்கை என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும் அண்ணா" என்றாள்.

புத்தி சொல்வதற்கு முன் விதிமுறையைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். முப்பது வருடம் ஆபீஸ் சர்குலர் படித்த பழக்கம். அதில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது கேட்கலாம்.

நீட் எழுத முன்பு பொதுப் பிரிவினருக்கு 25 வயது உச்சவரம்பு இருந்தது. அது நீதிமன்றங்களில் சில ஆண்டுகள் இழுபட்டு, 2022 மார்ச்சில் நீக்கப்பட்டது. ஒடிசாவில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அடுத்தது உயிரியல். பிளஸ் டூவில் அதைப் படிக்காதவர்கள், பின்னால் அங்கீகரிக்கப்பட்ட வாரியம் ஒன்றில் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. வெளிநாட்டில் படித்தாலும் இங்கே திரும்பி வந்து வைத்தியம் பார்க்க நீட் தேர்ச்சி வேண்டும். ஆகவே சுற்றுவழி கிடையாது.

சரி, உயிரியலை எங்கே படிப்பது? இங்குதான் வீட்டில் சண்டையே வந்தது.

மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர் சொன்னார் என்று தி. நகரில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். குளிர்சாதன அறையில் ஒரு இளைஞர் கட்டணத்தாளை நீட்டி, "வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க சார், முழுநேர வகுப்புதான் பலன் தரும்" என்றார். பிளஸ் டூ உயிரியல் சான்றிதழ் யார் தருவார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார். பயிற்சி நிலையம் நீட்டுக்குத் தயார் செய்யும். வாரியச் சான்றிதழ் தராது. லட்சக்கணக்கில் கட்டிய பிறகு இது தெரியவந்தால் யாரைக் கேட்பது?

என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989-லிருந்து இருக்கிறது. சென்னையில் அதற்கு மண்டல அலுவலகமும் உண்டு. அங்கே உயிரியலின் பாட எண் 314. அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் சேரலாம். எழுத்துத் தேர்வு 80, செய்முறை 20. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. வேலையை விட வேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "ஓப்பன் ஸ்கூலா? நாளைக்கு யாராவது எங்கே படிச்சேன்னு கேட்டா?" என்றார். நம் தலைமுறையின் கேள்வி இது. லயோலா, பிரசிடென்சி, விவேகானந்தா என்று கல்லூரிப் பெயரைச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு உண்டு. அங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரி. வேறு துறையிலிருந்து வருபவர்கள் உயிரியலும் வேதியியலும் தனியாகப் படித்துவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். செலவு குறைந்த கம்யூனிட்டி காலேஜில் படித்தால் மதிப்பு குறையுமோ என்று அவர்களுக்குக் கவலை. அங்கே கல்லூரியின் பெயரும் எடை போடப்படலாம். இங்கே அந்தக் கவலைக்கே இடமில்லை. தகுதிக்கு வேண்டியது இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் தேர்ச்சி. சீட் தருவது நீட் மதிப்பெண். 720-ல் 360 உயிரியலுக்கு. எந்தப் பள்ளியில் படித்தாய் என்று அந்த விடைத்தாள் கேட்பதில்லை.

மாப்பிள்ளையிடம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொன்னேன். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை 1954-ல் தொடங்கியவர். அந்தக் காலத்தில் பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய ஊரில், வீட்டிலேயே பாடம் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு. மகாராஜா தனி அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் வாங்கினார். அடையாறில் சிகிச்சைக்கு வரிசையில் நிற்கும் யாரும், அவர் மெட்ரிகுலேஷன் எங்கே படித்தார் என்று கேட்டதில்லை.

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பேசினார். அவருடைய உண்மையான பயம் வேறு. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். அரசுக் கல்லூரி கிடைத்தால் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். தனியார் என்றால் பல லட்சம். அவர் ஓய்வுக்கால வைப்புநிதி அதில் கரைந்துவிடும். கல்யாணப் பேச்சும் நின்றுபோகும். இந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளைக் கூப்பிட்டு, அப்பா எதிரிலேயே கேட்டேன்.

அவள் கணக்கு எழுதியே வைத்திருந்தாள். அக்டோபர் தேர்வில் உயிரியல், அடுத்த மே மாதம் நீட். அதுவரை வேலையில் இருப்பாள். அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் மட்டும் சேருவாள். இரண்டு முறை எழுதுவாள், மூன்றாவது முறை கிடையாது. அப்பா பணத்தில் ஒரு ரூபாய் தொடமாட்டாள். ஆறு வருடச் சேமிப்பு இருக்கிறது.

"கிடைக்கலைன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"வேலை இருக்குப்பா. உயிரியலும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்."

திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். சனி, ஞாயிறுகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்காருகிறாள். சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். இதற்குக் கட்டணம் இல்லை. செய்முறைக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட மையத்துக்குப் போக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டால், அந்த ஆண்டின் நீட் தகவல் கையேட்டில் தகுதி பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சான்றிதழ் தருவது யார், பாடம் சொல்லித்தருவது யார் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதற்கு முன் பணம் கட்டாதீர்கள்.

அவளுக்குச் சீட் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் நூலக வாசலில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவிடுவது இப்போது மாப்பிள்ளைதான். போன வாரம் கபாலி கோயில் குளத்தருகே பார்த்தபோது, "தவளைக்கு இதயத்துல மூணு அறைதானாம், தெரியுமா உங்களுக்கு?" என்றார்.