கையெழுத்து யாருடையது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஓர் ஆவணம் கைக்கு வந்ததும் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது உண்மையானதா?" என்பதே என்று எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார். அதையொட்டி ஒரு கட்டுரை எழுதி வரும்படி பணித்தார். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டனர். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பேஸ்பால்! அந்நாட்டின் பழைய ஆட்டக்காரர்கள் பந்திலும் படத்திலும் இட்ட கையெழுத்துகள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. விலை உள்ள இடத்தில் போலியும் இருக்குமன்றோ?

போலியைக் கண்டுபிடிக்க முதலில் பொருளைப் பார்க்கிறார்கள். கிறிஸ்டி மாத்யூசன் என்ற புகழ்பெற்ற பந்து வீச்சாளர் 1925-இல் காலமானார். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்ததோ 1945-இல். அவர் பெயர் அந்தப் பேனாவில் எழுதப்பட்டிருந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம். அந்நாளைய அமெரிக்கன் லீக் பந்துகளில் அதன் தலைவர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. 1959-இல் தலைவரான ஜோ குரோனின் பெயர் உள்ள பந்தில், 1948-இல் மறைந்த பேப் ரூத் கையெழுத்திட்டிருக்க முடியுமா?

அடுத்து, கோட்டைப் பார்க்கிறார்கள். எண்ணற்ற ரசிகர்களுக்குக் கையெழுத்திட்டுப் பழகியவர் ரூத். அவர் பேனா தயங்காமல் ஓடும். அதைப் பார்த்து எழுதுகிறவனின் கை தயங்கும், கோடு நடுங்கும், நின்ற இடத்தில் மை தேங்கும். அது எழுதியதன்று, வரைந்தது.

இந்த விதியை மனத்தில் பதித்துக்கொண்ட வேளையில்தான் ஜோ ஜாக்சன் குறுக்கே வந்தார்.

தெற்குக் கரோலினாவில் பிறந்த ஏழைச் சிறுவன். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பஞ்சாலைக்குப் போனவர். மட்டை பிடித்தால் மன்னர். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி கேட்டி எழுதித் தந்த மாதிரியைப் பார்த்துத் தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வரைவார். பல சமயம் அவருக்காகக் கேட்டியே கையெழுத்திட்டார். ஆகவே இவர் விஷயத்தில் விதி தலைகீழாகிறது. தங்குதடையின்றி ஓடும் கையெழுத்தின்மேல்தான் ஐயம் எழுகிறது. தடுமாறும் கையெழுத்தே இவருடையதாக இருக்கக்கூடும்!

1919 உலகத் தொடரில் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக எழுந்த ஊழலில், நீதிமன்றம் விடுவித்த பின்னும் 1921-இல் இவர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். 1951-இல் மறைந்த இவர் மீதிருந்த தடை நீங்கியது 2025-இல்தான். என்னை உறுத்தியது வேறொன்று. சம்பள பாக்கிக்காகச் சிகாகோ வொயிட் சாக்ஸ் அணிமீது இவர் தொடுத்த வழக்கு 1924-இல் மில்வாக்கியில் நடந்தது. பத்து நாள் முன்னறிவிப்பில் வேலையை விட்டு நீக்கும் விதி ஒப்பந்தத்தில் இல்லையென்று சொல்லித் தம்மிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்றார் ஜாக்சன். விதி இருந்தது. படித்துச் சொல்லக் கேட்டி அருகில் இல்லை. ஜூரிகள் அவர் பக்கம் நின்றனர். நீதிபதியோ அவர் பொய் சாட்சி சொன்னதாகக் கருதி அந்த முடிவைத் தள்ளிவிட்டார்.

கேட்டி போட்டது கணவர் அறிந்து போட்ட கையெழுத்து. ஆனால் அவர் கையன்று. ஒப்பந்தத்தில் இருந்தது அவர் கையேதான். ஆனால் அவர் சொன்னது மெய்யானால், அதில் இருந்ததை அவர் அறியவில்லை. இவற்றுள் எது உண்மையான கையெழுத்து?

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

என் அம்மாவும் எழுத்தெழுத்தாக வரைபவர்தாம். அக்காவிடம் கற்றுக்கொண்ட ஐந்து எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் நாக்கைக் கடித்துக்கொள்வார். ஒன்பதாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வின் ரேங்க் கார்டை நீட்டினேன். "இதென்னப்பா, ரெண்டு மட்டும் சிவப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்ல மார்க்கும்மா. அதனாலதான் சிவப்பு மை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. வழக்கத்தைவிட நிதானமாக, அழகாக வரைந்து கொடுத்தார்.

உலகின் எந்த நிபுணரிடம் காட்டினாலும் அது அசல் கையெழுத்து என்றுதான் சொல்வார். ஆனால் அந்த அட்டையில் ஒரு பொய் இருந்தது. அது என்னுடையது.

கட்டுரையைக் கொடுத்தபோது பேராசிரியரின் கேள்வியோடு மற்றொன்றையும் சேர்த்தேன்: "கையெழுத்திட்டவருக்கு அதில் இருந்ததைப் படித்துக் காட்டியவர் யார்?" இந்த மலர் அச்சாகி வந்ததும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.