மடியில் தொடங்கும் தாளம்

கல்லாறு தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதுமே சன்னல் வழியாக அந்த வாசனை வந்துவிடும், நனைந்த மண்ணும் மக்கிய இலையும் யாரோ எரிக்கும் ஈர விறகின் புகையும் கலந்த வாசனை, 22 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பொன்முடி உச்சியைச் சேர்வதற்குள் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிவிடும். இந்த முறை போனபோது கார்களின் வரிசை நீளமாக இருந்தது, ஒவ்வொரு காரும் தன் பாட்டைத் தானே உரக்கப் பாடிக்கொண்டிருந்தது, புகை வாசனையை பெட்ரோல் வாடை பாதி விழுங்கியிருந்தது. ஆனாலும் ஒரு வளைவில் பனி சற்றே விலகித் தேயிலைச் சரிவில் வெயில் சாய்வாக விழுந்த நேரம், வெற்றிலையும் தேங்காயெண்ணெயும் கலந்த இன்னொரு வாசனை எங்கிருந்தோ வந்தது போலிருந்தது, அது ஆச்சியின் மடி வாசனை.

ஆச்சி என் அம்மாவின் பெரியம்மா, நாஞ்சில் நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க மலைக்கு வந்து தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் ஒரு வீட்டோடு தங்கிவிட்ட குடும்பம், கண் மங்கிக் கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது, ஆச்சிக்குச் சட்டமெல்லாம் தெரியாது, காலையில் தாய்மார் கூடையோடு மலையேறியதும் அழுகிற பிள்ளைகளை அமர்த்த வேண்டும் என்பது மட்டும் தெரியும். தகரக் கூரை, ஒரு மூலையில் தூளிகள், மறுமூலையில் கஞ்சிப் பானை, பள்ளி விடுமுறைக்குப் போகும் நான் வாசற்படியில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் முதலில் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்குவாள், பிறகு இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால்களின் மேல் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்குவாள், மழை வலுத்தால் ஆட்டமும் வலுக்கும், மழை ஓய்ந்தால் அவளும் ஓய்வாள், மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று தரையை மிதித்துத் தாளம் சேர்ப்பார்கள். "மக்களே, கை எங்க, காட்டு பாப்போம்" என்று அவள் சட்டென்று நிறுத்துகிற இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும், நிற்காமல் மிதித்துவிட்ட பிள்ளை தானே வெட்கப்பட்டுச் சிரிக்கும், அடுத்த முறை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

மலையிலிருந்து இறங்கினால் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் தாத்தா வீடு, நடுப்பகலில் முற்றத்து வெளிச்சம் தூண்வரை வந்து நின்றுவிடும், அந்த விளிம்பில் நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டு அவர் பிள்ளைத்தமிழ் படிப்பார், மூக்குப்பொடி வாசனையும் பழைய காகித வாசனையும் அவர் குரலோடு சேர்ந்தே வரும். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் இரு கையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, ஓராண்டு கடந்ததும் தளர்நடை போட்டு வரச்சொல்லும் வருகை, பின்னால் ஆண் குழந்தைக்குச் சிறுபறை, பெண் குழந்தைக்கு அம்மானையும் ஊசலும் என்று அவர் விரல்விட்டுச் சொல்வார். மாதம் தோறும் குழந்தை என்ன செய்யும் என்று இன்றைக்கு மருத்துவர்கள் அட்டவணை போட்டுத் தருகிறார்கள், நம் புலவர்கள் அதே கணக்கைப் பாட்டாகவும் அசைவாகவும் எழுதிவைத்தார்கள், பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடியதிலேயே அதன் வித்து இருக்கிறது.

வெகுகாலம் கழித்து, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஃபிலிப்ஸ் சில்வரும் லாரல் ட்ரெய்னரும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அந்தத் தகரக் கூரைதான் கண்முன் வந்தது. அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியாத ஒரே மாதிரியான தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கவிட்டு, சில குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும், சில குழந்தைகளை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் தூக்கி அசைத்தார்கள், பிறகு கேட்கவைத்தபோது தன் உடம்பு எப்படி அசைந்ததோ அந்தக் கணக்கில் அழுத்தம் விழும் தாளத்தையே ஒவ்வொரு குழந்தையும் விரும்பிக் கேட்டது, வேறொருவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் இந்த விருப்பம் தென்படவில்லை. காதுக்குள் கேட்கும் உறுப்பும் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன, குழந்தை தாளத்தைக் காதால் மட்டுமல்லாமல் முதுகாலும் தொடையாலும் கேட்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வில், எதிரே நின்றவரோடு ஒரே தாளத்தில் அசைக்கப்பட்ட பதினான்கு மாதக் குழந்தைகள், அவர் கைதவறிப் போட்ட பொருளை எடுத்துக்கொடுக்க மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக முன்வந்தன.

அடையாறில் சித்தி ஒருத்தி சிறுபிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தாள், அவள் வகுப்பறைத் தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு போட்டிருக்கும், மெழுகும் சாக்கட்டியும் மணக்கும் அந்த அறையில் பிள்ளைகள் குதிகாலும் விரல்நுனியும் முட்ட முட்டக் கோட்டின்மேல் நடப்பார்கள், நடைக்கேற்ற இசை மெல்ல ஒலிக்கும், சிலர் கையில் மணி இருக்கும், அது ஒலிக்காமல் சுற்றிவர வேண்டும். 1939இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் இங்கேயே இருந்துவிட்டு, கொடைக்கானலிலும் தங்கிப் பாடம் நடத்திய மரியா மாண்டிசோரி கொண்டுவந்த பழக்கம் அது. தன் உடம்பைத் தானே அடக்கி ஆள்வதில் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெருமை இருக்கிறது என்பதை அந்தச் சின்ன முகங்களில் பார்த்தேன், ஆச்சி நிறுத்தச் சொன்ன இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற லயத்துப் பிள்ளைகளின் முகமும் அப்படித்தான் இருந்தது.

இப்போது திருவனந்தபுரத்தில் பேத்தியை இசையும் அசைவும் கற்றுத்தரும் வகுப்புக்குக் கூட்டிப்போகிறார்கள், குளிரூட்டிய அறை, ரப்பர் விரிப்பின் புதுவாடை, சுவரில் ஒலிபெருக்கி. 1813இல் பிறந்த சுவாதித் திருநாளைத் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி தாலாட்டு எழுதிய ஊர் இது, அந்தத் தாலாட்டை மலையாள நாட்டில் அறியாத வீடில்லை, ஆனால் வகுப்பில் பாடுவது கருவிதான், பெற்றோர் பலர் சுவரோரம் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இசை கற்றால் கணக்கு வரும், மூளை கூர்மையாகும் என்று சொல்லித்தான் பல இடங்களில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், ஹார்வர்டில் நான்கு வயதுக் குழந்தைகளுக்குச் சில வாரங்கள் இசை வகுப்பு நடத்திப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. அந்த வகுப்பிலேயே ஓர் இளம் ஆசிரியை ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துத் தொடையில் தட்டிப் பாடிய சில நிமிடங்களில் அறையே மாறிப்போனதையும் பார்த்தேன், அதற்குப்பின் அந்த வகுப்பின் மேல் எனக்கிருந்த கசப்பு போய்விட்டது.

அதனால்தான் இந்த முறை மலையிலிருந்து இறங்கும் வழியில் விதுரைப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை இந்த அங்கன்வாடிகள், கொரோனா காலத்தில் அவை மூடிக் கிடந்தபோது கேரளத்தில் 'கிளிக்கொஞ்சல்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி பிள்ளைகளை வீட்டிலேயே எட்டியது, அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி, ஆனால் திரைக்கு மடி கிடையாது. அங்கன்வாடி ஆசிரியைக்குப் பாடத் தெரியும், பிள்ளைகளோடு ஆடவும் தெரியும், எடை பார்ப்பதும் சத்துமாவு கொடுப்பதும் பதிவேடு எழுதுவதும் கைப்பேசிச் செயலியில் கணக்கு ஏற்றுவதும் போக மிஞ்சுகிற நேரம்தான் போதவில்லை.

பணம் கட்டி வகுப்புக்கு அனுப்ப முடிந்தவர்கள் அனுப்பட்டும், ஆனால் அங்கே சுவரோரம் உட்காராமல் பிள்ளையோடு தரையில் இறங்கட்டும். அங்கன்வாடி ஆசிரியையின் எழுத்து வேலையில் ஒரு பங்கை அரசு வேறொருவரிடம் கொடுத்து, நாளுக்கு ஒரு மணி நேரம் அவர் பாடவும் ஆடவும் மட்டும் ஒதுக்க வேண்டும், தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இவ்வளவு குறைந்த செலவில் குறைக்கும் வழி வேறில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள் குரல் நன்றாயிருக்கிறதா என்று பார்க்காமல் இன்றைக்கே பாடுங்கள், மடியில் வைத்து ஆட்டுங்கள், பிள்ளைக்கு வேண்டியது உங்கள் குரல்தான்.