உதயகிரியின் இரு கைதிகள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்குறிச்சி. அங்கே ஒரு சிறு குன்றை வளைத்துக் கருங்கல் மதில் ஒன்று நீள்கிறது. அதுதான் உதயகிரிக் கோட்டை. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த காலத்தில் அதன் படைவீடு இதுவே. இங்கே பீரங்கி வார்த்தார்கள், குண்டு வார்த்தார்கள், சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பங்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றன. மரங்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்தால் கூரை போன சிற்றாலயம் ஒன்று வருகிறது. அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

சுவர்கள் நிற்கின்றன, மேலே வானம். தரையில் கல்லறைகள். ஒன்றின் மேல் குலச்சின்னம் செதுக்கிய கனத்த பலகைக்கல் கிடக்கிறது. அதில் லத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் உண்டு. குனிந்து விரலை ஓட்டினால் தமிழ் எழுத்தின் வெட்டு இன்னும் விரலுக்குப் பிடிபடும். உள்ளே இருப்பவர் யுஸ்டாக்கியஸ் டிலனாய். டச்சுக் கம்பெனியின் படைத்தலைவராக வந்து 1741-ல் குளச்சல் போரில் தோற்று, மார்த்தாண்ட வர்மரிடம் கைதியானவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை, தன் படையைப் பழக்கச் சொன்னார். பழைய மண்கோட்டையைக் கருங்கல்லில் திருத்திக் கட்டும் பொறுப்பும் அவருக்கே வந்தது. கைதி 'வலிய கப்பித்தான்' ஆனார், 35 ஆண்டுகளுக்கு மேல் திருவிதாங்கூருக்காக உழைத்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார். அவருடைய மகனும் இதே படையில் சேர்ந்து களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே உயிரைவிட்டவர். அவரும் இங்கேதான் அடக்கம்.

டிலனாய் கத்தோலிக்கர். கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார். அரசரின் கோட்டைக்குள்ளேயே அவருக்கு ஆலயம் இருந்தது, வழிபாடு நடந்தது, யாரும் தடுக்கவில்லை. இந்தக் கல்லறை முன் நிற்கும் எவரும் முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இதே கோட்டை வேலையில் அவருடன் பழகிய இன்னொருவர், அதே நம்பிக்கையை ஏற்றதற்காக, இதே அரசின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் நீலகண்ட பிள்ளை. 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் பிறந்தவர். அரண்மனைச் சேவகத்தில் உயர்ந்து உதயகிரிக் கட்டுமானத்தில் பொறுப்பு வகித்தார். வீட்டில் மாடுகள் சாக, பயிர் பொய்க்க, அடிமேல் அடி விழுந்து கலங்கி நின்ற நாள்களில் டிலனாய் அவருக்கு விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னாராம். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளைக் கைவிடாத மனிதனின் கதை. கேட்டவர் அதைக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 1745 மே 14 அன்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு பரஞ்சோதிநாதரிடம் திருமுழுக்குப் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் சூட்டப்பட்டது. பின்னர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ அம்மாள் ஆனார்.

ஒரே அரசன், ஒரே நம்பிக்கை, இரண்டு மனிதர்கள். ஒருவருக்குக் கோட்டைக்குள் ஆலயம், மற்றவருக்கு விலங்கு. எனக்குத் தோன்றும் காரணம் இது: டிலனாய் வெளியிலிருந்து வந்தவர். சாதி அடுக்கில் அவருக்கு இடமே இல்லாததால் அவரால் எதுவும் குலையவில்லை. தேவசகாயமோ அந்த அடுக்கின் மேற்படியில் பிறந்தவர், அரண்மனை உப்பைத் தின்றவர். அவர் அரண்மனைச் சடங்குகளிலிருந்து விலகினார். தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார், அவர்களோடு உட்கார்ந்து உண்டார். இது போதாதென்று, 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கி, இனி இறைவனின் தாசனாக ஆள்வேன் என்று வாளைச் சன்னிதியில் வைத்தார். திருப்படிதானம் என்று வரலாற்றில் பெயர்பெற்ற அந்த நிகழ்ச்சி நடந்தபோது தேவசகாயம் விலங்கில் கிடந்தார். நாடே தெய்வத்தின் சொத்து ஆகிவிட்ட பின், அந்தத் தெய்வத்தை வணங்க மறுக்கும் அரண்மனை ஊழியனை ராஜதுரோகி என்று காட்டுவது எதிரிகளுக்கு எளிதாகியிருக்கும்.

1749-ல் கைது. அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அந்த ஆண்டுகளைத்தான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பாட்டி வாய்மொழியாகவும் நாடகமாகவும் தலைமுறை தலைமுறையாகக் கடத்தி வந்திருக்கின்றன. எருமைமேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். பிரம்படி பட்ட காயத்தில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். தாகத்துக்குக் கலங்கல் நீர். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். ஒரு சொல் போதும், பழைய சடங்குக்குத் திரும்புகிறேன் என்ற ஒரே ஒரு சொல். பதவியும் வீடும் திரும்பக் கிடைத்திருக்கும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. மரத்தடியில் கட்டுண்டு கிடந்தவரைப் பார்க்க ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கு அவர் ஜெபித்தார், ஆறுதல் சொன்னார். அவமானப்படுத்த ஊரைச் சுற்றிக் காட்டியதே அவரை ஊருக்கு அறிமுகப்படுத்திவிட்டது.

உதயகிரி மதிலுக்குப் பக்கத்திலேயே, புலியூர்குறிச்சியில், முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. கோட்டைக்கு வருபவர்கள் இங்கேயும் நிற்க வேண்டும். தாகத்தில் துடித்த தேவசகாயம் ஜெபித்து முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் ஊறியது என்பது நம்பிக்கை. பாறையில் கை நுழையும் அளவுக்கு ஒரு குழி, அதில் நீர். வருகிறவர்கள் சின்னப் பாத்திரத்தில் மொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீதியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அந்த வரிசையில் கிறிஸ்தவர்கள் மட்டும் நிற்பதில்லை. நோயாளிப் பிள்ளைக்காக வரும் தாயிடம் யாரும் மதம் கேட்பதுமில்லை.

கடைசி இடம் ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் உள்ள இந்தக் கணவாய் வழியாகக் காற்று வீசினால் நடக்கிறவர் கால் ஊன்றித்தான் நிற்க வேண்டும். முப்பந்தல் காற்றாலைகள் இங்கே வரிசைகட்டி நிற்பது அதனால்தான். திருவிதாங்கூரின் எல்லை வாசலும் இதுவே. இந்த வழியாகத்தான் திருமுழுக்குக்குப் போனார், இங்கேயேதான் நாடுகடத்தப்பட்டவராகக் கொண்டுவந்து விடப்பட்டார். எல்லைக் காட்டிலும் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று இரவு, காற்றாடி மலையில் சிப்பாய்கள் அவரைச் சுட்டார்கள். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட நிரம்பவில்லை.

இன்று அந்த மலைமேல் ஆலயம் இருக்கிறது, பாறைகளும் இருக்கின்றன. ஒன்றில் அவர் முழந்தாளிட்டு ஜெபித்த தடம் என்று இரண்டு குழிவுகளைக் காட்டுகிறார்கள். இன்னொன்று மணியடிச்சான் பாறை. கையளவு கல்லை எடுத்துத் தட்டினால் கணீரென்று வெண்கல ஓசை எழும். அவர் உயிர் பிரிந்தபோது சரிந்து விழுந்த பாறைத்துண்டு அது என்கிறார்கள். பிள்ளைகள் மாறி மாறித் தட்டுகிறார்கள். பெரியவர்கள் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நிற்கிறார்கள். உடலை அன்று யாரும் அடக்கம் செய்ய விடப்படவில்லை. சில நாள்கள் கழித்து, எஞ்சியதைத் திரட்டிக் கொண்டுபோய் நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில், பீடத்துக்கு முன்னால் புதைத்தார்கள்.

இந்த மரணத்துக்கு மத நம்பிக்கைதான் காரணமா, அரசியலா என்று பின்னாளில் வாதம் எழுந்தது. நான் பெரிதாக மதிப்பது ஒரு சான்றை: சம்பவம் நடந்து 4 ஆண்டுகளே ஆன நிலையில், 1756-ல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இந்த மறைசாட்சியைப் பற்றி எழுதிவிட்டார். கண்டவர்களும் கேட்டவர்களும் உயிரோடு இருந்த காலம் அது. ஆனாலும் திருச்சபை பொறுமையாகவே நடந்தது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, இல்லறத்தில் இருந்த ஓர் இந்தியர் புனிதரானது அதுவே முதல்முறை. அவருடைய பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பெயரை அதற்கு முன்பே ரோம் நீக்கிவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோதே உதறியதை நீக்குவதற்கு இத்தனை காலம் ஆனது என்பதை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே, 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரிய ஆலயம் சாதிக்கொரு பகுதியாக இரண்டு கைகளுடன் கட்டப்பட்டது. நடுவில் இருந்த தடுப்பு 1910-ல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். தேவசகாயத்தைக் கட்டிய விலங்கில் ஒரு கண்ணி, அவரைக் கொண்டாடிய வீடுகளுக்குள்ளும் கிடந்திருக்கிறது.

ஞானப்பூ அம்மாளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கணவர் விலங்கில் கிடந்த ஆண்டுகளில் அவமானத்தையும் பயத்தையும் சுமந்தவர் அவர். கணவர் இறந்த பின் எல்லையைத் தாண்டி வடக்கன்குளத்துக்குப் போய், தன் நம்பிக்கையிலேயே நிலைத்து, 1766-ல் இறந்து அங்கேயே அடக்கமானார். காற்றாடி மலைக்கு வண்டி பிடித்து வருகிறவர்கள் மணிப்பாறையைத் தட்டிவிட்டு அப்படியே நாகர்கோவிலுக்குத் திரும்ப வேண்டாம். கணவாயைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் வடக்கன்குளம் வந்துவிடும். அந்த அம்மாளையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.