ஆசிரியருக்கும் ஒரு நாற்காலி

இளம் பியானோக் கலைஞர்களுக்கான போட்டியில் குழந்தை மேடையேறுகிறது, நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள், பெற்றோர் கைதட்டுகிறார்கள். அந்தக் குழந்தையின் கையையும் காதையும் வாரம் தவறாமல் பார்த்துத் திருத்திய ஆசிரியருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து முடிவைக் கேட்கிறார், மகிழ்கிறார் அல்லது வருந்துகிறார், வீடு திரும்புகிறார். அடுத்த வாரம் அவர் எடுக்கும் பாடம் போன வாரத்தைப் போலவே இருக்கும். போட்டியால் குழந்தைகளுக்கு நிலைத்த நன்மை ஏதாவது விளைய வேண்டுமானால், அது ஆசிரியர் வழியாகத்தான் விளையும் என்று உறுதியாக நம்புகிறேன். நடுவர்களாக வரவழைக்கும் தேர்ந்த கலைஞர்களை ஒரு நாள் கூடுதலாகத் தங்கவைத்து ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தாத போட்டி, பாதி வேலையைச் செய்யாமல் விட்ட போட்டி.

தரவரிசையை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் ராணி எலிசபெத் போட்டி உலகின் மிகக் கடுமையான போட்டிகளில் ஒன்று. அதன் இறுதிச் சுற்றில் 12 பேர், நாளுக்கு இருவராக ஆறு நாட்கள் வாசிப்பார்கள். யார் எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். ஃபுளோரஸ், கின்ஸ்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் போட்டியின் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் நாள் வாசித்தவர்கள் முன்னிடம் பெறும் வாய்ப்பு குறைந்தும், பிந்தைய நாட்களில் வாசித்தவர்களின் வாய்ப்பு கூடியும் இருந்ததை அது காட்டியது. சீட்டில் விழுந்த நாளுக்கும் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பே இருக்க முடியாது. சியா-ஜுங் சாய் என்பவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கலங்க வைப்பது. சர்வதேசப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளை ஒரு சாராருக்கு ஒலி மட்டும் கேட்க வைத்தார், இன்னொரு சாராருக்கு ஒலியில்லாத காட்சியை மட்டும் காட்டினார். வென்றவர் யார் என்று சரியாகச் சொன்னவர்கள் அதிகம் இருந்தது ஒலியில்லாத காட்சியைப் பார்த்த கூட்டத்தில்தான். தொழில்முறை இசைக் கலைஞர்களிடமும் இதுவே விளைவு.

இதைப் படித்துவிட்டு நடுவர்கள் நேர்மையற்றவர்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அவர்களும் மனிதர்கள், களைப்பும் எதிர்பார்ப்பும் கண்ணின் செல்வாக்கும் எல்லோருக்கும் உண்டு. 1938இல் பிரஸ்ஸல்ஸில் எமில் கிலெல்ஸ் முதலிடம் பெற்றார். அவருக்குப் பல படி கீழே ஏழாவதாக நின்ற இளைஞர் ஆர்துரோ பெனடெட்டி மிக்கேலாஞ்சலி, பின்னாளில் அந்த நூற்றாண்டின் பெரும் பியானோக் கலைஞர்களில் ஒருவராகப் போற்றப்பட்டவர். 1980இல் வார்சாவில் ஷோப்பன் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இவோ போகொரெலிச் தேர்வாகாதபோது, அதே போட்டியில் 1965இல் வென்றிருந்த மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவை விட்டே விலகினார். ஆண்டுக்கணக்கில் பக்குவப்பட்ட இருபது வயதுக்காரர்களை மதிப்பிடுவதிலேயே இத்தனை தடுமாற்றம் இருக்கும்போது, ஒன்பது வயதுக் குழந்தைகள் மூன்று நிமிட ஸொனாட்டினா ஒன்றை வாசித்து முடித்ததும் இரண்டாமிடம் இது, மூன்றாமிடம் இது என்று பிரிப்பதில் அறிவதற்கு என்ன இருக்கிறது? அந்த எண் குழந்தைக்கும் உதவாது, அடுத்த வாரம் எதைத் திருத்துவது என்று ஆசிரியருக்கும் சொல்லாது.

ஆசிரியருக்குத் தெரிய வேண்டியவை மிக நுட்பமானவை. பியானோ ஆசிரியரின் தொழில் தனிமையானது. பள்ளி ஆசிரியருக்கு அடுத்த வகுப்பறையில் இன்னொரு ஆசிரியர் இருக்கிறார். வீட்டு முன்னறையில் பியானோ சொல்லிக்கொடுப்பவரின் பாடத்தை இன்னொரு ஆசிரியர் பார்ப்பதே இல்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியே சொல்லிக்கொடுக்கிறார். அதில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் தலைமுறை கடக்கிறது. கால் தரையில் எட்டாத குழந்தைக்குக் காலடியில் பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகும் தோளும் இறுகி, அந்த இறுக்கம் ஒலியில் தெரியும் என்பது சிறிய செய்திதான். ஆனால் அது தெரியாத ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் ‘விரலை அழுத்து, இன்னும் அழுத்து’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். பெடலை எப்போது மிதிப்பது என்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். எப்போது விடுவது, பாதி மட்டும் விடுவது எப்படி, முந்தைய இசைவின் எச்சம் புதியதன்மேல் படிவதைக் காது எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம், தேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் விளங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டுப் பயிற்சி. வாரத்தில் ஒரு மணி நேரம் குழந்தை ஆசிரியரோடு இருக்கிறது. மீதி ஆறு நாளும் கருவியோடு தனியாக இருக்கிறது. தவறு நேர்ந்ததும் முதல் இசைப் பட்டையிலிருந்து மறுபடி தொடங்கும் பழக்கம் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. தொடக்கம் மெருகேறும், தவறு நேரும் இடம் அப்படியே கிடக்கும். அந்த இரண்டு பட்டைகளை மட்டும் எடுத்து, வேகத்தைக் குறைத்து, கைகளைப் பிரித்து, பிறகு முன்னும் பின்னும் சேர்த்து வாசிக்கக் குழந்தையைப் பழக்குவது ஒரு தனிக் கலை. அதைக் கற்பிப்பதற்குப் பயிலரங்கைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை புதியதன்று. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் 1869 முதல் 1886இல் இறக்கும்வரை கோடைதோறும் ஜெர்மனியின் வைமர் நகரில் நடத்திய வகுப்பில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். திருத்தம் ஒருவருக்குச் சொல்லப்பட்டாலும் பாடம் அறையில் இருந்த அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே கேட்டவர்கள் பலர் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசிரியர்களானார்கள். இன்று மாஸ்டர் கிளாஸ் என்று நடப்பதெல்லாம் அந்த அறையின் வழித்தோன்றல்.

1980இல் ஆர்கெரிச் விலகிய அதே போட்டியில் வென்றவர் வியட்நாமின் டாங் தாய் சன். அவர் வாழ்க்கையை நான் இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஹனோயில் 1958இல் பிறந்தவர். முதல் ஆசிரியர் அவருடைய அம்மா தாய் தி லியன், பிராகில் பயின்றவர், ஹனோய் இசைக் கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒருவர். அமெரிக்கக் குண்டுவீச்சுக் காலத்தில் கல்லூரியைக் கிராமத்துக்கு மாற்றினார்கள். நல்ல கருவிகளும் இல்லை, இசைத்தட்டுகளும் அரிது. அந்த நாட்டுக்கு 1974இல் வந்த சோவியத் பியானோக் கலைஞர் ஐசக் காட்ஸ் இந்தப் பையனின் வாசிப்பைக் கேட்டார். மாஸ்கோவுக்குப் போய்ப் பயில வழி பிறந்தது அதன் பிறகுதான். ஷோப்பன் போட்டியில் வென்ற முதல் ஆசியர் என்று வரலாறு அவரை எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அந்த வெற்றிக்கு முன்னால் ஒரு தாயின் பாடமும், வெளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியரின் காதும் இருந்தன. பிறகு நடந்தது இன்னும் பெரிது. அவரும் ஆசிரியரானார். 2021இல் வார்சாவில் முதல் பரிசு பெற்ற புரூஸ் லியு அவர் மாணவர். 2025இல் வென்ற எரிக் லுவும் அவரிடம் பயின்றவர். ஒரு பரிசு ஒரு மனிதரோடு முடிந்துவிடும். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அது மாணவர்கள் வழியாகத் தொடர்கிறது.

போட்டியையும் பயிலரங்கையும் ஒன்றாக இணைப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயப்படுவோர் ஜப்பானைப் பார்க்கலாம். 1966இல் தொடங்கிய பிடினா என்ற பியானோ ஆசிரியர் சங்கம், பல்லாயிரம் பேர் பங்கேற்கும் போட்டியை ஆண்டுதோறும் நடத்துகிறது. போட்டியை நடத்துவதே ஆசிரியர்களின் அமைப்பு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பங்கேற்பவருக்கு நடுவர்கள் எழுதிய குறிப்புகள் கிடைக்கின்றன. மாணவர்களை நன்றாகத் தயார்செய்த ஆசிரியர்களுக்கும் விருது உண்டு. பாரோக் முதல் நவீனம் வரை வெவ்வேறு காலத்துப் படைப்புகளைத் தயார்செய்ய வேண்டியிருப்பதால், ஆண்டு முழுதும் ஒரே ஒரு பாட்டை அரைத்துக்கொண்டிருக்க வழியில்லை. தரவரிசை இல்லாமல், மேடையேறி வாசித்து ஆலோசனை பெற்றுச் செல்லும் தனி ஏற்பாடும் அங்கே இருக்கிறது. ஐரோப்பாவில் கரோலா கிரிண்டியா 1978இல் தொடங்கிய பியானோ ஆசிரியர் சங்கமும் பல நாட்டு ஆசிரியர்களை ஒன்றுகூட்டிப் பேசவைத்தது.

போட்டி இல்லாவிட்டால் குழந்தைகள் உழைக்கமாட்டார்கள் என்பது வலுவான மறுப்பு. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. நாள் குறித்த மேடை ஒன்று காத்திருக்கிறது என்றால் கை தானாகவே கருவிக்குப் போகும். ஆனால் உழைக்க வைப்பது அந்த நாளும் மேடையும் கேட்பவர்களும்தான். அவற்றைப் பரிசு வரிசை இல்லாமலும் தர முடியும். உலகமே போட்டிதான், சீக்கிரம் பழகட்டும் என்பவர்களும் உண்டு. இருபது வயதில் மேடை வாழ்வைத் தேடுபவருக்கு அது பொருந்தலாம். 2015இல் வார்சாவில் வென்ற சோ சியோங்-ஜின்னுக்கு அந்தப் பரிசு உலக அரங்குகளைத் திறந்துவிட்டது. அது ஒன்றே வழி என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது. 1984இல் மாஸ்கோவில் 12 வயதில் ஷோப்பனின் இரண்டு கன்செர்ட்டோக்களையும் ஒரே கச்சேரியில் வாசித்த எவ்கெனி கிஸின், பெரிய போட்டிகள் வழியாக வந்தவர் அல்லர். அன்னா கான்டோர் என்ற ஒரே ஆசிரியரிடம் வளர்ந்தவர். 1905இல் பாரிஸில் நடந்த ரூபின்ஸ்டீன் போட்டியில் பியானோப் பரிசை வில்ஹெல்ம் பாக்ஹவுஸிடம் இழந்த பேலா பார்டோக், புடாபெஸ்ட்டில் பியானோ ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றி, பின்னர் 153 சிறு படைப்புகள் கொண்ட ‘மைக்ரோகாஸ்மோஸ்’ ஆறு தொகுதிகளை எழுதினார். அவற்றின் முதல் பக்கங்களிலிருந்து இன்றும் குழந்தைகள் பியானோ கற்கத் தொடங்குகிறார்கள்.

இன்னொரு தயக்கம் ஆசிரியர்களிடமே உண்டு. மாணவர், பெற்றோர் முன்னிலையில் பிறர் தன்னைத் திருத்துவதை யார் விரும்புவார்கள்? நியாயமான கேள்வி. அதனால்தான் ஆசிரியர் பயிலரங்கு மூடிய கதவுக்குள், ஆசிரியர்கள் மட்டும் கூடும் இடமாக இருக்க வேண்டும். சொல்லித்தரும் கலைஞரும் தன் புகழைக் காட்ட வந்தவராக இருக்கக் கூடாது, குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துப் பழகியவராக இருக்க வேண்டும். ஆசிரியரும் நடுவரும் நெருங்கினால் சலுகை நுழையாதா என்றும் கேட்பார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் பியானோப் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபேனி வாட்டர்மன் பியானோ ஆசிரியர். 1963இல் நடந்த முதல் போட்டியில் வென்ற மைக்கேல் ரோல் அவருடைய மாணவர். ரோலின் திறமையை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய நெருக்கம் எழுப்பும் கேள்விக்கு விதி ஒன்று விடை சொல்ல வேண்டும். வார்சாவில் நடுவர் தன் மாணவருக்கு மதிப்பெண் போடுவதில்லை. எந்த ஊர்ப் போட்டியும் இந்த விதியை ஒரு காசு செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

சென்னையிலும் பிற தமிழக நகரங்களிலும் பியானோ கற்பவர்களுக்குப் போட்டியைவிட நெருக்கமானவை லண்டனின் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுகள். நேரில் நடக்கும் தேர்வில் மாணவர் மட்டும் உள்ளே போகிறார், ஆசிரியர் கதவுக்கு வெளியே. தேர்வாளரின் மதிப்பெண்ணும் குறிப்பும் பிறகு எழுத்தில் வருகின்றன. அந்தச் சில வரிகளிலிருந்து தேர்வாளர் கேட்டது என்ன என்று ஊகிக்க வேண்டியதுதான். எதிர்க்கேள்வி கேட்க இடமில்லை. இங்கே போட்டி நடத்த முன்வருகிறவர்களுக்கு இந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு இருக்கிறது. பரிசுத் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்து, நடுவர்கள் ஆசிரியர்களோடு முழு நாள் உட்கார ஏற்பாடு செய்யுங்கள். வெளியூர் ஆசிரியர்களுக்குப் பயணச் செலவு கொடுங்கள். குழந்தை ஒவ்வொன்றுக்கும் நடுவர் எழுதிய குறிப்பின் ஒரு படியை ஆசிரியர் கையில் தாருங்கள். பதிவுக் கட்டணம் கட்டப் போகும் பெற்றோரே, முதல் பரிசு எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன், எங்கள் ஆசிரியருக்கு அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.