எயர் எடுத்தல்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு சொல் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ரக்ரர் வயல் நடுவில் இரண்டு தரம் செருமிவிட்டு நின்றுபோனால் "எயர் பிடிச்சிட்டுது" என்பார்கள். எண்ணெய் போகும் பாதைக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்பது பொருள். பிறகு யாராவது ஒருவர் ஸ்பானரோடு குந்தியிருந்து "எயர் எடுப்பார்". புலம்பெயர்ந்தவர்கள் எழுதிய கதைகளில் இந்தச் சொல்லை நாங்கள் சந்தித்தது மிகக் குறைவு. பனைமரத்தையும் கிடுகுவேலியையும் கிணற்றடியையும் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் கிணற்றடியில் நின்ற தண்ணீர் இறைக்கும் மிசினை, எண்ணெய் வராத காலத்தில் எப்படி ஓடவைத்தார்கள் என்று யாரும் எழுதவில்லையே என்ற குறை எங்களுக்கு உண்டு. அந்தக் குறையில் ஒரு துண்டையாவது தீர்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

பெற்றோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றை நசுக்க நசுக்க அது கொதிக்கும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் புகார் போலப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பீச்சுகிற பம்புக்கு வரும் எண்ணெய் இடையில் அறாமல் வரவேண்டும். ஒரு குமிழி காற்று வந்தாலும் பம்ப் அழுத்துகிற அழுத்தத்தைக் குமிழி வாங்கித் தான் சுருங்கிக்கொள்ளும், எண்ணெய் அசையாது. அதனால்தான் பழைய பெற்றோல் கார் எண்ணெய் முடிந்து நின்றால் ஒரு போத்தல் ஊற்றிவிட்டுப் போகலாம். டீசல் மிசின் நின்றால் ஊற்றுவதோடு வேலை முடியாது. பில்ற்றரை மாற்றினாலும் இதே கதைதான். புதுப் பில்ற்றருக்குள் முதலில் இருப்பது காற்று.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு இடையில் விட்டுவந்த எங்களுக்கு டீசல் எஞ்சினின் அழுத்தமும் கனவளவும் எப்படி மாறும் என்று வரைபடம் கீறத் தெரியும். பரீட்சையில் கீறியுமிருக்கிறோம். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் அறையில் இருக்கும் அண்ணைக்கு அந்தப் படத்தைக் காட்டினால் சிரிப்பார். அவர் வன்னியில் ரக்ரர் மெக்கானிக். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இங்கே ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிறார்.

அண்ணையின் அறிவு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயும் அளந்துதான் வந்தது, வந்ததும் யானைவிலை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. சின்னப் போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, எஞ்சினைச் சூடாக்கிய பிறகுதான் மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். எங்களில் பலர் அந்தக் காலத்தில் கைக்குழந்தைகள். ஆனால் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகைமணம் மூக்கிலேயே நிற்கிறது. 2002 இல் பாதை திறக்கும்வரை அங்கே அதே நிலைதான். 2006 இல் பாதை மூடப்பட்டபோது மறுபடியும் அதே நிலை.

டீசல் எஞ்சினுக்கு இதில் இன்னொரு சிக்கல். டீசல் எரிவதற்கு மட்டும் போவதில்லை. பம்பையும் இன்ஜெக்ரரையும் தேயாமல் வழுக்கிவிடுவதும் அதுதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. வெறும் மண்ணெண்ணெயில் ஓட்டினால் பம்ப் தன்னைத்தானே தின்னும். ஆகவே அதற்குள் எண்ணெய் கலந்தார்கள். எஞ்சின் ஒயில் கிடைத்தால் அது; கிடைக்காவிட்டால் சமையல் எண்ணெய். இப்படிக் கலந்தது பரலிலிருந்து கானுக்கும் கானிலிருந்து போத்தலுக்கும் கைமாறி வரும்போது தூசி, துரு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து வரும். எல்லாவற்றையும் பில்ற்றர்தான் தாங்கவேண்டும். புதுப் பில்ற்றருக்கு எங்கே போவது? பழையதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் காயவைத்துத் திருப்பிப் போட்டார்கள். தாங்கிக்குள் ஊற்றும்போதே வேட்டித்துணியில் வடித்தார்கள். ஒவ்வொரு தரம் கழற்றும்போதும் எயர் பிடிக்கும்; ஒவ்வொரு தரமும் எயர் எடுக்கவேண்டும். ஒரு கிழமையில் பத்துப் பன்னிரண்டு தரம் அதைச் செய்ததாக அண்ணை சொல்லுவார். ஒழுங்காக எண்ணெய் கிடைக்கிற நாட்டில் ஒரு மெக்கானிக்குக்கு இந்தக் கைப்பழக்கம் வர வாய்ப்பே இல்லை.

இனிப் பாரிஸ். எங்களிடம் ஒரு பெஜோ பார்ட்னர் இருக்கிறது. 2008 ஆம் ஆண்டு வண்டி, டீசல், நாலு பேர் காசு போட்டு வாங்கியது. இரண்டு பேருக்குப் புறநகரில் வேலை. குசினி கழுவி முடித்து வெளியே வரும்போது கடைசி மெற்றோ போய்விட்டிருக்கும். வண்டி நின்றால் அந்த இரண்டு பேரின் வேலையும் நிற்கும்.

2022 ஐப்பசியில் பிரான்சில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு கட்டத்தில் நாட்டின் எண்ணெய் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் ஏதோ ஒரு எரிபொருள் இல்லை. பாரிஸ் பகுதியில் கார்கள் தெரு முடிவுவரை வரிசையில் நின்றன. பல மாவட்டங்களில் கானில் நிரப்பத் தடையும் போட்டார்கள். அதே வருடம் இலங்கையில் சனங்கள் நாட்கணக்கில் எண்ணெய் வரிசையில் நின்று, ஆடியில் கியூ ஆர் அட்டை முறையும் வந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கதைத்த அம்மாமார் "உங்கையுமோ?" என்று கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அண்ணை மட்டும் கலங்கவில்லை. மூன்று கிழமையாக வண்டியைத் தாங்கியின் அடிமட்டத்து எண்ணெயில் ஓட்டினோம். வேறு வழியில்லை. அடியில் கிடந்த கசடும் தண்ணீரும் அந்த மூன்று கிழமையில் பில்ற்றருக்கு வந்து சேர்ந்தன. மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. அண்ணை பக்கத்து இருக்கையில் இருந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எஞ்சினில ஒண்டுமில்லை. மூச்சு முட்டுது. பில்ற்றர் அடைச்சுக்கொண்டு வருது."

தெருவில் வைத்துப் பொனட்டைத் திறந்து திருத்தக்கூடாது. இங்கே அது தடை. பொலிஸ் வந்து கேட்டால் காட்டுவதற்கு எங்களில் ஒருவரிடம் அப்போது ஒரு கடுதாசியும் இருக்கவில்லை. ஆகவே திங்கட்கிழமை, றெஸ்ரோறன்ற் பூட்டுகிற நாளில், இடத்தையும் ஆயுதங்களையும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் கராஜ் ஒன்றுக்குப் போனோம். வண்டியின் கையேடு பிரெஞ்சில் இருந்தது. நாங்கள் வாசித்துச் சொன்னோம்; அண்ணை கேட்டார், செய்தார். எங்கள் அரைகுறைப் படிப்பு பிரான்சுக்கு வந்து உருப்படியாகப் பயன்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

முதலில் எஞ்சின் ஆறவேண்டும். சாவி நிறுத்திய நிலையில் இருக்கவேண்டும். பில்ற்றரைச் சுற்றியுள்ள ஊத்தையைத் துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது அதுவே உள்ளே போகும். "தம்பியவை, எது வாற பைப், எது போற பைப் எண்டு பார்த்துக் குறிச்சுப்போட்டுக் கழட்டுங்கோ" என்றார். கீழே ஒரு சட்டி வைத்து, அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியவிட்டார். முதலில் வந்தது கலங்கல், பிறகு டீசல். கவ்விகளை எடுத்து, சூடாக்கியின் மின்வயரைக் கழற்றி, பழையதை வெளியே எடுத்தார். குளிர்காலத்தில் டீசலுக்குள் இருக்கும் மெழுகு உறைந்து பில்ற்றரை அடைக்கும் என்பதற்காகவே அந்தச் சூடாக்கி. கிளிநொச்சிக்குத் தேவைப்படாத ஒரு பொருள். புதியதில் இருந்த அம்புக்குறியைப் பார்த்து, ரப்பர் வளையத்தில் டீசல் தடவிப் பொருத்தினார்.

பிறகுதான் எயர் எடுத்தல். இந்த வண்டியில் அதற்குக் கையால் அமத்தும் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. பிரெஞ்சுக்காரர் 'புவார்', பேரிக்காய் என்கிறார்கள். அமத்த அமத்த அது தாங்கியிலிருந்து எண்ணெயை இழுத்துப் பில்ற்றருக்குத் தள்ளும். தொடக்கத்தில் பஞ்சை அமத்துவது போல இருக்கும். ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். கை மாறி மாறி அமத்தினோம். தெளிந்த குழாயில் குமிழிகள் வரிசையாக ஓடின. பிறகு இடைவிட்டு ஓடின. குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கல்லுப்போல வந்தது.

"குமிழி நிக்கும்வரைக்கும் சாவியைத் தொடாதேங்கோ. காய்ஞ்ச பம்பைச் சுத்தினால் பம்ப் செத்துப்போம்."

எங்களில் ஒருவர் அவசரத்தில், ஊரில் செய்வதுபோல இன்ஜெக்ரர் நட்டைத் தளர்த்திப் பார்ப்போமா என்று கேட்டார். மஸி பேர்கசன் ரக்ரரில் அதுதான் முறை: பம்பின் சின்ன நெம்பைக் கையால் ஆட்டி, பில்ற்றர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்போது ஓடஓட இறுக்குவது; பிறகு பம்பில்; கடைசியாக இன்ஜெக்ரரில். அண்ணை பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். புதிய டீசல் எஞ்சின்களில் அந்தக் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். கார் ரயருக்குள் இருப்பது இரண்டரை பார் அளவு. அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். கையேட்டிலும் அதே எச்சரிக்கை இருந்தது. அண்ணை அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

சாவியைத் திருப்பிச் சற்றுப் பொறுத்து, பத்துச் செக்கனுக்கு மேற்படாமல் ஸ்ரார்ட் அடித்தோம். இரண்டாந்தரம் செருமிவிட்டுப் பிடித்தது. உடனே மிதிக்காமல் அப்படியே ஓடவிட்டு, எங்கேயும் ஒழுகுதா என்று ரோர்ச் அடித்துப் பார்த்தார். பழைய டீசலைச் சட்டியோடு கராஜின் கழிவு எண்ணெய்த் தொட்டியில் ஊற்றினோம். அவருக்குக் கொடுத்த காசை வாங்கவில்லை. ஒரு பிளேன்ரீ மட்டும்.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை அன்று அண்ணைக்குச் சொன்னோம். றுடோல்ப் டீசல் 1858 இல் பாரிசில்தான் பிறந்தார். றூ நோத்ர் டாம் து நசரெத் என்ற அந்தத் தெரு எங்கள் பக்கத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். பெற்றோர் பவேரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தபோது ஜெர்மன்காரர் என்பதால் குடும்பத்தோடு வெளியேறி லண்டனுக்குப் போனார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அங்கிருந்து தனியாக அவுக்ஸ்பேர்க்குக்கு அனுப்பப்பட்டது. 1897 இல் அங்கேதான் அவருடைய எஞ்சின் சரியாக ஓடியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டியும் காட்டினார்கள். கடலை எண்ணெய் என்றதும் எங்களில் ஒருவர் றெஸ்ரோறன்றில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை ஊற்றலாமே என்றார். "மஸி பேர்கசன் குடிக்கும், இது குடிக்காது" என்று அண்ணை முடித்துவிட்டார். பிறகு, "அந்தாளையும் துரத்தினவங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அகதி விசாரணையில் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ரக்ரருக்கு எயர் எடுக்கிறதிலிருந்து எல்லாம் செய்வேன் என்று விளக்கியிருக்கிறார். மொழிபெயர்த்தவருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. பதிவில் 'விவசாயி' என்று வந்தது. விசா கிடைத்த பிறகு மெக்கானிக் வேலை தேடிப் போன இடங்களில் சான்றிதழ் கேட்டார்கள். அனுபவத்தையே தகைமையாக ஏற்றுக்கொள்ள இந்த நாட்டில் 2002 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் வேலை செய்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும். அண்ணையின் வேர்க்ஷொப் 2009 இல் இல்லாமற் போய்விட்டது. கடிதம் தரக்கூடிய முதலாளி உயிரோடு இல்லை. இருபது வருடக் கைவேலைக்குச் சாட்சி, அந்தக் கையைத் தவிர வேறில்லை.

2025 தை முதலாம் திகதி பெரும்பாரிஸ் பகுதியில் 2006 க்கும் 2010 க்கும் இடையில் பதிவான டீசல் கார்களுக்கும் தடை விதி வந்தது. கிழமை நாட்களில் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஓடக்கூடாது என்றார்கள். எங்கள் பார்ட்னரும் அதற்குள் அகப்பட்டது. புகை எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் போகிறது, எங்கள் பிள்ளைகளுடையதற்குள்ளும்தான். விதியோடு எங்களுக்குச் சண்டையில்லை. டீசல் கார்கள் குறைந்துகொண்டு போகின்றன. அண்ணையின் கைப்பழக்கத்துக்கு இனி எங்கும் வேலை இருக்காது என்பதும் தெரிகிறது.

அதற்காகத்தான் அன்று செய்ததை ஒவ்வொரு படியாகத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதினோம். அண்ணை வாசித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார். இப்போது மஸி பேர்கசனைப் பற்றியும், மண்ணெண்ணெயில் எவ்வளவுக்கு எவ்வளவு எண்ணெய் கலந்தார்கள் என்பதையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர்ப் பம்ப், சைக்கிள் டைனமோவில் றேடியோ, ஜாம்போத்தல் விளக்கு எல்லாம் இன்னும் இருக்கின்றன. உங்கள் அறைகளிலும் இப்படி ஒருவர் கோப்பை கழுவிவிட்டு வந்து படுத்திருப்பார். அவரைக் கேட்டு எழுதுங்கள்.